நான்காம் இறக்கம்

ஹார்டன் கிரீக்,
டாஸ்மேனியா.
11 ஜனவரி

அன்பு மகன் டீனுக்கு,

உன் அப்பா மெர்வ் எழுதுவது. இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. பேனாவும் என் கையில்தான் இருக்கிறது, எழுத்தும் என்னுடையதுதான். அறுபத்தேழு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவன் இந்தத் தீவில் வேறு எவனாவது இருந்தால் அவனுக்கு நான் ஒரு பீர் வாங்கித் தருகிறேன்.

நீ வீட்டில் இருந்தவரை எனக்கு வாசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கரண்ட் பில், வங்கிக் கடிதம், மருந்துப் பாட்டில் எல்லாவற்றையும் நீதான் வாசித்துச் சொல்வாய். நீ ஹோபார்ட் சிறைக்குப் போன பிறகு உன் கடிதங்களைக் கடைக்கார டெப் வாசித்துக் காட்டினாள். அவள் குரல் உனக்குத் தெரியும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். மூலம் வந்து உட்கார முடியவில்லை என்று நீ எழுதினாய் பார், அதை ரொட்டி வாங்க வந்த அத்தனை பேரும் நின்று கேட்டார்கள். ஒருவர் மருந்துகூடச் சொன்னார். அன்றைக்கே நூலகத்தில் ஷோனா நடத்தும் வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஆகவே இனிமேல் நீ எதை வேண்டுமானாலும் எழுதலாம். உனக்கும் எனக்கும் நடுவில் யாரும் இல்லை. கெட்ட வார்த்தைகூட எழுதலாம். அவற்றை நான் சீக்கிரம் வாசித்துவிடுகிறேன், எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள்.

அடுத்த செய்தியை உட்கார்ந்து வாசி. கொட்டகையில் தொங்கிய உன் ஆரஞ்சு நிற மலைச் சைக்கிளை இறக்கி ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். முதல் முறை விழுந்ததில் மூக்கு. அடுத்த முறை விலா எலும்பு. அதற்கடுத்து ஒரு வாலபிக் கங்காருவோடு மோதினேன். அது உடனே எழுந்து தாவிப் போய்விட்டது, நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்தேன். வாழ்க்கை முழுவதும் காட்டில் மரம் வெட்டினேன். கிளை விழுந்து தோள் உடைந்தது, இரும்புச் சங்கிலி அறுந்து கன்னம் கிழிந்தது. அப்போதெல்லாம் ஒருநாளும் சிரித்ததில்லை. இப்போது வாய் நிறைய ரத்தத்தோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறேன்.

மார்ச் மாதம் நம் ஊர் எண்டியூரோ சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அறுபதுக்கு மேல் என்ற பிரிவு. அதில் இரண்டே பேர், நானும் ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர் நோயலும். எப்படிப் போனாலும் இரண்டாம் இடம் எனக்கு உண்டு.

நீ ஓட்டிய காலத்தில் நான் அடிவாரத்தில் சாசேஜ் தின்றுகொண்டு நின்றதோடு சரி. எதற்காக இப்படிச் சாகிறீர்கள் என்று நினைப்பேன். இப்போது தெரிகிறது. ஒரே நாளில் ஆறு இறக்கம். மலை ஏறும்போது நேரம் எண்ணுவதில்லை. பேசிக்கொண்டு, திட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எல்லோருமாகப் போகலாம். இறங்கும்போது மட்டும் கடிகாரம் ஓடும், அப்போது ஒவ்வொருவரும் தனி ஆள். ஏறும்போது நண்பன், இறங்கும்போது எதிரி. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

ஏப்ரலில் பரோல் அதிகாரி அம்மா ஒருவர் நம் வீட்டைப் பார்க்க வருகிறாராம். மிச்சத் தண்டனைக் காலத்தை நீ வெளியே எங்கே தங்கிக் கழிப்பாய் என்று அவருக்கு ஒரு விலாசம் வேண்டும், அந்த வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். நம் வீடுதான் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். பின்னறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். குளிர் வருவதற்குள் நீ வந்துவிட வேண்டும். இந்த வீட்டில் பேசுவதற்கு எனக்கு அடுப்பைத் தவிர ஆள் இல்லை.

கை வலிக்கிறது. இது நல்ல வலி.

உன் அப்பா,
மெர்வ்


ஹோபார்ட்,
24 ஜனவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்து அறைக்காரனிடம் காட்டி, "பாருடா, எங்கப்பன் எழுதியிருக்கான்!" என்றேன். "கோழி கிளறின மாதிரி இருக்கே" என்றான். அவனை உதைத்தேன். சும்மாதான்.

என் சைக்கிளை எடுத்ததற்கு உன்னைத் திட்ட வேண்டும், ஆனால் திட்ட வரவில்லை. பின் டயரில் காற்றைக் குறைக்காதே, நம் ஊர்க் கருங்கல் டயரைக் கிழித்துவிடும். பாறைக்கு மேலே போகும்போது முன் பிரேக்கைத் தொடவே தொடாதே. முழங்காலுக்கும் முதுகுக்கும் தடுப்பு போட்டுக்கொள். நோயலை நம்பாதே. கிழவன் இளைஞனாக இருந்தபோது மாட்டுச் சந்தையிலேயே ஏமாற்றியவன்.

இனி டெப் நடுவில் இல்லை என்பதால் எழுதுகிறேன். இங்கே கடிதத்தை உதறிப் பார்ப்பார்கள், வாசிப்பதில்லை.

ஜேரட் மன்டி பெயர் கொடுத்திருக்கிறானாம். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு! நான் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், அவன் நம் மலையில் ஓட்டுகிறான். அன்று பந்தயத்தில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் கேள். நான்காம் இறக்கத்தில் அவனைப் பிடித்துவிட்டேன். பின்னால் வருகிறவன் கத்தினால் முன்னால் போகிறவன் ஒதுங்க வேண்டும். இந்தப் பந்தயத்தில் இதைவிடப் பெரிய வழக்கம் எதுவும் இல்லை. மூன்று முறை கத்தினேன். காடு முடியும் வரை கைப்பிடியை அகட்டி வைத்துக்கொண்டு என் முன்னாலேயே போனான். கோப்பை போயிற்று. கீழே வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே அவன் முகத்தில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். தப்பு என்று கோர்ட்டில் சொன்னேன். சொல்லச் சொன்னார்கள், சொன்னேன்.

நீ அவனுக்கு முன்னால் இறங்க நேர்ந்தால், அவன் பின்னால் வந்து கத்தினால், உனக்குக் காது கேட்கவில்லை என்று வைத்துக்கொள். நடுப்பாதையிலேயே போ. மெதுவாகப் போ. கிழவன்தானே, யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? எனக்காக இதை மட்டும் செய்.

மஞ்சள் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அடித்துவிட்டாய் போல.

உன்
டீன்


ஹார்டன் கிரீக்,
20 பிப்ரவரி

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். "முழங்கால்" என்ற சொல்லில் மட்டும் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டேன். பிறகு என் முழங்காலைப் பார்த்துப் புரிந்துகொண்டேன், அங்கே தோல் இல்லை.

நேற்று பாதையைப் பழகிக்கொள்ள எல்லோரையும் விட்டார்கள். மழை பெய்து வேர்கள் எல்லாம் சோப்பு பூசியது போல இருந்தன. லான்செஸ்டனிலிருந்து வந்த ஒரு பெண் என் கண் முன்னாலேயே பறந்து போய் விழுந்தாள். காறையெலும்பு தோலுக்கு அடியில் கூடாரக் கம்பி மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. அவள் அழவில்லை. "என் சைக்கிளுக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டாள். ஒருவனுக்கு உதடு கிழிந்து தொங்கியது, அதோடு மறுபடியும் மேலே ஏறினான். நான் மூன்றாம் இறக்கத்தில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தேன். அந்த மாதிரி மரங்களை ஒரு காலத்தில் நான் வெட்டினேன். அது ஞாபகம் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜேரட்டைப் பார்த்தேன். எண் அட்டை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் கண்ணைத் திருப்புவதில்லை, முழுத் தலையையும் திருப்புகிறான். என்னைப் பார்த்தான். நான் கையைத் தூக்கினேன். அவன் தூக்கவில்லை. அவ்வளவுதான்.

நீ கேட்ட விஷயம். அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் காலையில் முதலில் அனுப்பிவிடுகிறார்கள். ஜேரட் மாதிரிப் பெரிய ஆட்கள் வெகு நேரம் கழித்துத்தான் வருவார்கள். நானும் அவனும் ஒரே இறக்கத்தில் ஒரே நேரத்தில் இருக்க வழியே இல்லை. அதனால் அதைப் பற்றி நாம் பேச வேண்டியதும் இல்லை.

பின்னறை முடிந்தது. கட்டில் வாங்கிவிட்டேன்.

உன் அப்பா,
மெர்வ்


ஹார்டன் கிரீக்,
7 மார்ச்

என் அருமை மகன் டீனுக்கு,

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். பொறுமையாக வாசி, நானும் பொறுமையாகத்தான் எழுதுகிறேன். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் இறக்கத்தில் அந்தச் சரிந்த கருங்கல் இருக்கிறதே, அதன் மேல் முன் பிரேக்கைத் தொடாதே என்று நீ எழுதியிருந்தாய். தொட்டேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. கட்டிய பல் ஒன்று போயிற்று. ஏறும்போது நோயல் என் பக்கத்தில் வந்தார்.

"மெர்வ், உன் வாயிலேர்ந்து ரத்தம் கொட்டுதுய்யா."

"நேத்தும் கொட்டுச்சு."

"மாட்டுக்கு இப்படி வந்தா நாங்க சுட்டுடுவோம்."

"முதல்ல ஓட்டி முடிச்சிடறேன். அப்புறம் சுடு."

"இப்பவே சுட்டா கோப்பை எனக்குத்தானே?" என்று சிரித்துக்கொண்டே முன்னால் மிதித்துப் போய்விட்டார். நீ சொன்னது சரி, அந்த ஆளை நம்பக் கூடாது.

இரண்டாம் இறக்கத்தில் விழவில்லை. அதை எழுதிவைக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

மூன்றாம் இறக்கத்தின் முடிவில் பின் டயர் கிழிந்தது. மேலே தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்து உள்ளே டியூப் போட்டேன். அதைக் கல் கிள்ளிவிட்டது. இன்னொன்று போட்டேன். என்னைத் தாண்டி ஒவ்வொரு பிரிவாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். நான்காம் இறக்கத்தின் உச்சிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த நேரம் எப்போதோ போய்விட்டது. ஆட்களை அனுப்பும் இடத்தில் லினெட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போய்த் தூங்கினே மெர்வ்? பெரிய பசங்க இறங்க ஆரம்பிச்சாச்சு!"

"டயரோட சண்டை. நான்தான் ஜெயிச்சேன்."

"உன் மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியலையே. சரி, நடுவுல ஒரு இடம் காலியா இருக்கு, இப்பவே இறங்கிடு. ஆனா பின்னால கத்தினாங்கன்னா அந்த நிமிஷமே ஒதுங்கிடணும், தெரியுதா?"

"பின்னால யாரு?"

அவள் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். பிறகு நான் உட்கார்ந்திருந்த உன் சைக்கிளைப் பார்த்தாள். குரலை இறக்கி, "ஜேரட்" என்றாள்.

நேரம் எண்ணும் கருவி ஒலித்தது. இறங்கினேன்.

உன்னிடம் மறைக்க மாட்டேன், நீ கேட்டது நினைவுக்கு வந்தது. முதல் சரிவு முழுவதும் அது என் முதுகில் உட்கார்ந்திருந்தது. பெரணிப் புதர்களுக்கு நடுவே பாதை குறுகி ஓர் ஆள் அகலத்துக்கு வந்துவிடும் பார், அங்கே பின்னால் கல் தெறிக்கும் சத்தம் கேட்டது.

"ரைடர்! ரைடர்! பெருசு, வழி!"

ஒதுங்கினேன். யோசித்து ஒதுங்கவில்லை. கத்தினால் ஒதுங்க வேண்டும், கை தானாகவே திருப்பிவிட்டது. சைக்கிளோடு ஒரு பெரணிக்குள் போய் விழுந்தேன். "தேங்க்ஸ் பெருசு!" என்று அவன் என்னைத் தாண்டிப் பறந்தான். யார் என்று பார்க்கவில்லை. பார்க்கிற வேகமா அது!

நான் எழுந்து மறுபடி ஏறி இரண்டு வளைவு போயிருப்பேன். கீழே ஒரு சத்தம் கேட்டது. மரம் முறியும் சத்தம் எனக்குத் தெரியும். இது மரம் இல்லை.

அந்தப் பெரிய மர்டில் மரம் பாதையின் இடது ஓரத்தில் நிற்கிறது. ஜேரட்டின் கைப்பிடியின் இடது முனை அதில் இடித்து, அவனைத் தூக்கி மரத்துக்குக் கீழே உள்ள பாறைகள் மேல் எறிந்திருந்தது. சைக்கிள் ஒரு கிளையில் தொங்கியது. ஹெல்மெட் நெற்றிக்கு மேலே பிளந்திருந்தது. வலது முன்கையின் எலும்பு சட்டையைக் கிழித்து வெளியே வந்து வெள்ளையாக இருந்தது. மல்லாந்து கிடந்தான், கழுத்து சரியான கோணத்தில் இல்லை. காலையில் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்கள்: விழுந்தவன் தலையை இரண்டு கையாலும் பிடி, டாக்டர் வரும்வரை விடாதே. நான் உன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, அவன் தலைமாட்டில் மண்டி போட்டு ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து வந்தவன் பிரேக் பிடித்துச் சறுக்கி நின்றான். "மேல ஓடி எல்லாரையும் நிறுத்து!" என்றேன். விசிலை ஊதிக்கொண்டே ஓடினான். அவனுக்குப் பின்னால் வந்தவனைக் கீழே அனுப்பினேன். பிறகு காட்டில் நானும் அவனும்தான்.

"யாரு?" என்றான்.

"அசையாதே தம்பி."

"எனக்குக் கால் இருக்கா? தெரியவே இல்லையே."

"ரெண்டும் இருக்கு. பாத்துட்டேன்."

"கை?"

"கையைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

மல்லாந்து கிடந்தவனுக்கு என் முகம் தெரியவில்லை. ஆனால் வலது பக்கம் கிடந்த சைக்கிள் அவன் நல்ல கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அவன் மூச்சு மாறியதை என் உள்ளங்கையில் உணர்ந்தேன்.

"அது டீன் சைக்கிள்."

"ஆமா."

"நீ யாரு?"

"மெர்வ். டீனோட அப்பா."

"கையை எடு."

"எடுக்க மாட்டேன்."

"யோவ், கையை எடுய்யா! யாராவது வாங்க! யாராவது வாங்களேன்!"

"கத்து. கத்தினா மூச்சு இருக்குன்னு எனக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டிடாதே."

கொஞ்ச நேரம் கத்தினான். பிறகு சின்னக் குரலில், "என்னைக் கொன்னுடுவியா?" என்று கேட்டான்.

"கொல்றவனா இருந்தா உன்னை இப்படியே விட்டுட்டுப் போயிருப்பேன்டா. நீயே தலையை ஆட்டி ஆட்டிச் செத்திருப்பே. பேசாம இரு."

அட்டைகள் வந்தன. மழைக்குப் பிறகு அந்தக் காடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். என் மணிக்கட்டில் ஏறின, காதுக்குப் பின்னால் ஏறின. ஒன்று கண் இமையில் உட்கார்ந்தது. கையை எடுக்க முடியாதே! ரத்தம் என் தாடையில் வழிந்து அவன் நெற்றியில் சொட்டியது.

"என்ன சொட்டுது?"

"என் ரத்தம். அட்டை."

"தட்டி விடேன்."

"கை வேலையா இருக்கு."

சிரிக்கப் பார்த்தான். வலியில் அது வசவாக வந்தது. பிறகு சொன்னான்: "அந்த மரம் எனக்குத் தெரியவே இல்லை, மெர்வ். அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே கிடையாது. உன் பையன் பண்ணினது."

"தெரியும்."

அவன் கண் மூட ஆரம்பித்தது. தூங்கிவிடுவானோ என்று பயந்து, "ஏதாவது பேசு" என்றேன். அப்போது பேசினான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்கு அவன் கத்தினது எனக்குக் கேட்டுச்சு. மூணு தடவையும் கேட்டுச்சு. வேணும்னேதான் வழி விடலை. ஏறும்போது எல்லார் முன்னாலயும் என்னைப் பொட்டைன்னு கேலி பண்ணினான். இன்னிக்கு இவனை விடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கு ஒரு கண்ணா, மெர்வ்?"

"இல்லை," என்றேன். "அதுக்குக் கண்ணு இல்லை."

ஹெலிகாப்டர் வந்தது. இலை, மண், மழைநீர் எல்லாம் எங்கள் மேல் வந்து கொட்டியது. கயிற்றில் இறங்கி வந்த பெண் அவன் கழுத்துக்குப் பட்டை போட்டுவிட்டு, "ஐயா, இப்ப நீங்க விடலாம்" என்றாள். என்னால் விட முடியவில்லை. விரல்கள் திறக்கவில்லை. அவள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

கழுத்தெலும்பு விரிசல் விட்டிருக்கிறதாம், உள்ளே நரம்பு அறுந்துபோகவில்லையாம். நடப்பான். இன்னும் கொஞ்சம் அசைந்திருந்தால் நடந்திருக்க மாட்டான் என்று சொன்னார்கள்.

நான்காம் இறக்கத்தின் நேரத்தை யாருக்கும் எண்ணவில்லை. ஐந்தையும் ஆறையும் நான் ஓட்டி முடித்தேன். கைப்பிடியைப் பிடிக்க முடியாமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு ஓட்டினேன். ஆறில் மறுபடி விழுந்தேன். நோயல் முதலிடம், நான் இரண்டாமிடம். மேடையில் ஏற்றி எனக்கு ஒரு பீர் கொடுத்தார்கள். ஊரே கைதட்டியது. நீ இல்லையே என்று இருந்தது.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டும் என்று நான் துடித்த விஷயம். அவன் ஒத்துக்கொண்டான், டீன்! நீ சொன்னது பொய் இல்லை. நீ கத்தினாய், அவனுக்குக் கேட்டது, வேண்டுமென்றே விடவில்லை. அவன் வாயாலேயே சொன்னான். நீ இத்தனை நாளாகத் தூக்கிக்கொண்டிருப்பதை இனி கீழே வைத்துவிடலாம். வைத்துவிட்டு வீட்டுக்கு வா.

மகிழ்ச்சியோடு,
உன் அப்பா மெர்வ்


ஹோபார்ட்,
15 மார்ச்

அப்பா,

வாசித்தேன்.

அவன் ஒத்துக்கொண்டான் என்று குதிக்கிறாய். எனக்கு அது அன்றைக்கே தெரியும். உனக்குத்தான் அவன் வாயிலிருந்து வர வேண்டியிருந்தது. நான் சொன்னபோது நீ நம்பவில்லை என்று இப்போது தெரிகிறது.

அவன் கத்தியதும் ஒதுங்கினாய். போகட்டும். அதற்குப் பிறகு அவன் தலை உன் இரண்டு கைக்கு நடுவில் இருந்தது. காட்டில் ஒருவரும் இல்லை. ஒரு திருப்பு போதும். விழுந்ததில் செத்தான் என்று எழுதியிருப்பார்கள். உன்னை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். என் சைக்கிளில் போய், என் இறக்கத்தில், அவனுக்காக உட்கார்ந்து ரத்தம் சிந்தியிருக்கிறாய். எனக்காக எப்போது சிந்தினாய்?

வேண்டுமென்றே செய்தேன் என்று அவன் சொன்ன பிறகும் உன் கை சும்மா இருந்தது. அதை என்னால் மறக்க முடியாது.

சரி. பரோல் அம்மா வரும்போது நான் மாறிவிட்டேன் என்று சொல். நீ சொன்னால் நம்புவார், உன் முகம் அப்படி. அவனை எந்த ஆஸ்பத்திரியில், எந்த வார்டில் வைத்திருக்கிறார்கள், எப்போது வீட்டுக்கு விடுகிறார்கள் என்று எழுது.

டீன்


ஹார்டன் கிரீக்,
3 ஏப்ரல்

என் மகன் டீனுக்கு,

உன் கடிதத்தை வாசிக்க எனக்கு ஒரு காலைப் பொழுது முழுவதும் ஆயிற்று. இப்போதெல்லாம் வேகமாக வாசிப்பேன். இதை அப்படி வாசிக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் வேறு மாதிரி முடிந்துவிடும் என்று எழுத்து எழுத்தாகக் காத்திருந்தேன். முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அதேதான் எழுதியிருந்தது.

கடைக்குப் போனேன். டெப்பிடம் கேட்டேன்.

"முன்னால டீன் கடிதத்தையெல்லாம் நீ வாசிச்சுக் காட்டினியே, அதுல ஜேரட்டைப் பத்தி எதையாவது விட்டுட்டியா?"

அவள் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"கொஞ்சம்."

"எவ்வளவு?"

"மெர்வ், ரொட்டி வாங்க வந்தவங்க நின்னுட்டு இருந்தாங்க."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவள் ஓர் இறைச்சி பேஸ்ட்ரியைச் சூடாக்கிக் கொடுத்தாள், காசு வாங்கவில்லை.

நான் உன்னை நம்பவில்லை என்று எழுதியிருக்கிறாய். நம்பினேன். நீ கத்தியதையும் நம்பினேன், அவன் விடாததையும் நம்பினேன். தப்பு என்று நீ கோர்ட்டில் சொன்னதையும் சேர்த்து நம்பினேன். அதுதான் என் பிசகு.

பரோல் அதிகாரி அம்மா செவ்வாய்க்கிழமை வந்தார். சின்ன வயது, ஷூவெல்லாம் சேறு. பின்னறையைப் பார்த்தார், நல்ல வெளிச்சம் என்றார். தேநீர் போட்டுக் கொடுத்தேன். மேசையில் உட்கார்ந்து தாளை எடுத்தார்.

"உங்க மகன் இங்க வந்து தங்கறதுல உங்களுக்குச் சம்மதம்தானே, மிஸ்டர் பரிட்ஜ்?"

"இல்லம்மா."

நிமிர்ந்து பார்த்தார். "போன்ல சரின்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"அவருக்கு வேற விலாசம் கிடையாது. நீங்க மாட்டேன்னா அவர் உள்ளயேதான் இருக்கணும். அது உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"காரணம் என்னன்னு எழுதிக்கட்டுமா?"

"நானே எழுதறேன். பேனாவைக் குடுங்க."

அந்தச் சின்னக் கோட்டில் இடம் போதவில்லை, ஓரத்திலும் எழுதினேன். அந்த அம்மாவுக்கு எழுதியதை உனக்கும் எழுதுகிறேன், உனக்குத் தெரியாமல் நான் எதையும் செய்ததாக இருக்கக் கூடாது. "என் மகன் ஜேரட்டை அடிப்பதை இன்னும் நிறுத்தவில்லை." இதுதான் எழுதினேன். அவர் வாசித்துவிட்டு, "ஏதாவது கடிதம் கிடிதம் வந்துச்சா?" என்று கேட்டார். "எனக்கு வந்த கடிதம், எங்கிட்ட இருக்கு" என்றேன். கொடுக்கவில்லை. அவர் போன பிறகு வாசல் படியில் உட்கார்ந்து, மரம் வெட்டிய காலத்தில் என் ஆட்கள் செத்தபோதுகூட அழாத அளவுக்கு அழுதேன்.

ஜேரட் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். அது எந்த இடம் என்று உனக்கு எழுத மாட்டேன்.

நீ கோபப்படுவாய். இதைக் கிழித்துப் போடுவாய். ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்க வந்தால் வெளியே வர மாட்டாய். வருவேன். அந்த அறையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவேன். பஸ்ஸில் போக வர வாசிக்க ஷோனா ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறாள்.

அடிப்பதை என்றைக்கு நிறுத்துகிறாயோ அன்றைக்கு ஒரு வரி எழுது. நீ பொய்யாக எழுதினால் என்னால் கண்டுபிடிக்க முடியாது. வாசிக்கக் கற்று எனக்கு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நீ எழுதியதை அப்படியே நம்பி பஸ் ஏறி அந்த அம்மாவிடம் போய்விடுவேன். அதனால் உண்மையாக எழுது.

உன் அப்பா,
மெர்வ்